பெட்டியில் படிந்த மண்

செப்டம்பர் 14, திங்கள். இன்றைய தவறு: ஆறரை மணிக்கு எடுக்க வேண்டிய அளவை ஆறு ஐம்பதுக்குத்தான் எடுத்தேன். பழக்கதோஷத்தில் ஆறரை என்றே எழுதிவிட்டு, பிறகு அடித்துத் திருத்தினேன். வாளி நிரம்ப 41 நொடி. நீர்: தெளிவு.

இப்படி எழுதிவிட்டு, அடித்த இடம் அசிங்கமாக இருக்கிறதோ என்று அவள் இன்னொரு முறை பார்த்தாள். வீட்டில் அவளுக்குக் கடிகாரம் என்று பெயர். வைத்தது சித்தப்பா. பத்து வயதிலேயே விருந்துக்கு வந்தவர்களிடம் "நாலரைக்குக் கிளம்பறேன்னீங்களே, நாலு முப்பத்தஞ்சு ஆச்சு" என்று சொன்னவள். இப்போது இருபத்திரண்டு வயது. வாரத்தில் நாலு நாள் மாலை வகுப்புக்குப் போகிறாள். "தினம் ஒரு தப்பாவது இல்லாத டைரி பொய் டைரி" என்று அங்கே கட்டுரை சொல்லித் தரும் ஆசிரியர் ஒரு நாள் போகிற போக்கில் சொன்னார். மற்றவர்கள் சிரித்துவிட்டு மறந்தார்கள். அவள் அன்று மாலையே ஒரு நோட்டு வாங்கினாள்.

அளவு நோட்டு அதற்கும் மூத்தது. ஆறு வருடமாக எழுதுகிறாள்.

அவள் அளந்தது அப்பாவின் கரையை. ஊரில் அவருக்குக் கரைக்காரர் என்றே பெயர். பொக்லைன் ஓட்டுகிறவர். வாழ்நாள் பூராவும் அடுத்தவன் மண்ணைத் தோண்டினார், அடுத்தவன் பள்ளத்தை மூடினார். வீடு கட்ட வேண்டும் என்று சொன்னவர்களுக்காக அவர் மூடிய குட்டைகள் மட்டும் பதினேழு. மூடும்போது தவளைகள் சக்கரத்துக்கு முன்னால் குதித்துக் குதித்து ஓடுமாம். "பதினேழை மூடின கை, ஒண்ணையாவது திறந்து வைக்க வேண்டாமா?" என்று கேட்டுக்கொண்டே, யாரும் சீந்தாத ஒரு பழைய இயந்திரத்தை வாங்கினார். இரண்டு மேடுகளுக்கு நடுவே ஓடிய சின்ன ஓடையை மறித்துத் தன் சொந்த நிலத்தில் கரை போட்டார். நடந்து கடக்க நூற்று நாற்பது காலடி ஆகும் நீளம். மூன்று ஆள் உயரம். கடிகாரம் பிறந்த வருடம் அது.

நாலாவது வருடம் பறவைகள் வந்தன. தண்ணீருக்குள் நின்றுபோன மரங்களில் நாரையும் நீர்க்காகமும் கூடு கட்டின. அப்புறம் எங்கிருந்தோ ஒரு நீர்நாய்க் குடும்பம். அந்த ஏரியில் வலை போடக் கூடாது, துப்பாக்கி எடுத்து வரக் கூடாது. வீட்டுக்கு மீன் வேண்டுமென்றால் தூண்டில். அதுவும் அப்பா மட்டும், அதுவும் ஞாயிற்றுக்கிழமை.

"எந்த மண்கரையும் வியர்க்கும் கண்ணு" என்று அப்பா அவளுக்குச் சொல்லியிருந்தார். "வியர்வை தெளிவா இருக்கிறவரை பயமில்லை. கலங்கினாத்தான் பயம்."

அந்த வியர்வை கரையின் பின்பக்க அடியில் ஒரு குழாய் வழியாக வந்து சிமெண்டுப் பெட்டி ஒன்றில் விழும். பெட்டியின் மறுபக்கத்தில் தகடு வைத்து வெட்டிய வாய். அந்த வாய் வழியாக விழும் நீரை வாளியில் பிடித்து, நிரம்ப எத்தனை நொடி என்று எழுதுவதுதான் அளவு. திங்கட்கிழமை தோறும். வாளியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துத் தெளிவு என்று எழுதுவாள். ஆறு வருடத்தில் வேறு எந்தச் சொல்லும் அந்தக் கட்டத்தில் எழுதப்படவில்லை.

அன்று பத்து மணிக்குப் பொறியாளர் வந்தார். வேறெங்கோ ஒரு தனியார் கரை உடைந்ததிலிருந்து எல்லாக் கரைகளையும் பார்த்துவரச் சொல்லி மேலிடத்து உத்தரவு. ஐம்பது வயதுப் பெண். சேறு படிந்த காலணி, கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடி. கரை மேல் ஒரு முறை நடந்தார். புல் ஒழுங்காக வெட்டியிருந்தது. எலி வளை ஒன்றுகூட இல்லை. மரக்கன்று வேர்விடுமுன் பிடுங்கிய தழும்புகள் இருந்தன.

"நல்லா வெச்சிருக்கீங்க ஐயா" என்றார்.

அப்பாவுக்கு முகமெல்லாம் பல். "பொண்ணுதான் மேடம். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது."

நோட்டுகளை அவள் தயாராக எடுத்து வைத்திருந்தாள். ஆறும் பழுப்பு அட்டை. பொறியாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகத் திருப்பினார்.

"யார் எழுதினது?"

"நான்தாங்க. தப்பு ஏதாவது இருக்கா?"

"என் ஆபீஸ்லயே யாரும் இப்படி எழுத மாட்டாங்க." இன்னும் இரண்டு பக்கம் திருப்பினார். "போன வருஷம் ஐம்பத்தெட்டு நொடி. இப்ப நாற்பத்தொண்ணு. அதே வாளிதானே?"

"அதே வாளிதாங்க. அடியில பெயின்ட்ல அடையாளம் போட்டிருக்கேன்."

"அப்ப தண்ணி கூடியிருக்கு."

"ஏரியில மட்டம் ஏறியிருக்கு, அதனாலன்னு நினைச்சேன். பக்கத்துலயே கேள்விக்குறி போட்டிருக்கேன் பாருங்க."

பொறியாளர் பெட்டியருகே குந்தி உட்கார்ந்தார். சட்டைக் கையை மடித்துத் தண்ணீருக்குள் விட்டு அடியைத் தடவினார். கை வெறுங்கையாக வந்தது.

"கழுவிக் கவுத்த பாத்திரம் மாதிரி இருக்கே."

அவளுக்கு உச்சி குளிர்ந்தது. இத்தனை வருடத்தில் யாரும் கவனிக்காத வேலை அது. "அடியில மண் ஏறிட்டா தண்ணி அந்த வாய்க்குக் கோணலா வரும், அளவு தப்பாயிடும். அதனால வாராவாரம் முதல்ல வழிச்சு எடுத்துட்டு, அப்புறம்தான் வாளி வைப்பேன்."

பொறியாளரின் கை மறுபடியும் தண்ணீருக்குள் போயிருந்தது. அது அப்படியே நின்றது.

"எதை வழிச்சு?"

"சேறு. மாவு மாதிரி இருக்கும்."

"எவ்வளவு?"

"ஆரம்பத்துல ஒண்ணும் இருக்காது. ரெண்டு வருஷமா ஒரு கைப்பிடி. இப்ப..." அவள் அப்பாவைப் பார்த்தாள். "இப்ப ஒரு சட்டி."

"வாரத்துக்கு ஒரு சட்டி."

"ஆமாங்க."

"தெளிவுன்னு எழுதினது, வாளித் தண்ணியைப் பார்த்தா?"

"ஆமாங்க."

"மண்ணெல்லாம் பெட்டியிலயே இறங்கிடும்மா. வாளிக்கு வர்ற தண்ணி தெளிவாத்தான் வரும்." குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். "அந்த மண்ணை எங்க போட்டீங்க?"

வீட்டுக்குப் பின்னால் அம்மாவின் தோட்டம். தக்காளி, பீன்ஸ், கடைசியாக ஓரத்தில் முள்ளங்கிப் பாத்தி. மற்றப் பாத்திகளைவிட அது ஒரு சாண் உயர்ந்து நின்றது. இத்தனை நாள் அது யார் கண்ணுக்கும் படாமல் எப்படி இருந்தது என்பதுதான் ஆச்சரியம்.

அம்மா விருந்தாளி வந்த சந்தோஷத்தில் ஒரு கட்டு முள்ளங்கியைப் பிடுங்கி மண்ணை உதறிக்கொண்டிருந்தாள். "வாங்கம்மா. இந்த மண்ணுல போட்டா முள்ளங்கி ஒரு கல்லுகூட இடிக்காம விரல் மாதிரி இறங்குது. என் பொண்ணு கொண்டாந்து கொட்டற மண்ணு. எடுத்துட்டுப் போங்க."

அப்பா குனிந்து ஒரு சிட்டிகை எடுத்தார். எச்சில் தொட்டு, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே உருட்டினார். மண்காரர்கள் மண்ணைச் சோதிக்கும் முறை அது. நூல் மாதிரி நீண்டது. அறுந்து போகவில்லை. வெயிலில் பிடித்துப் பார்த்தார். நீலம் பாய்ந்த சாம்பல் நிறம்.

கரைக்கு வெளியே பூசும் மண் செம்மண். இந்த நீலக்களி நடுவில் மட்டும் வைத்தது. பதினேழாவது குட்டையை மூடியபோது அதன் அடியிலிருந்து தோண்டி, முப்பத்தெட்டு நடை அடித்துக் கொண்டுவந்து, ஒரு சாண் போட்டு மிதித்து, இன்னொரு சாண் போட்டு மிதித்து ஏற்றியது. கரைக்குள் தண்ணீர் புகாமல் நிறுத்துவது அந்தக் களிதான்.

"இது மேல் மண் இல்ல" என்றார் அப்பா. "நடுவயித்து மண்."

பாத்தி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மா முள்ளங்கிக் கட்டை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றாள்.

பொறியாளரும் அவர் பக்கத்தில் குந்தினார். "கரைக்கு உள்ள எங்கயோ வழி விழுந்திருக்கு ஐயா. அரிச்சுக்கிட்டே வருது. மழையில மட்டம் ஏறினா தாங்காது. தண்ணியை இறக்கிட்டுக் கரையை வெட்டி விட்டுடணும்."

"எத்தனை நாள்ல?"

"ஒரேயடியா இறக்கினா ஈரக்கரை உள்பக்கமா சரியும். ஒரு நாளைக்கு ஒரு சாண்தான் இறக்கணும்."

"இருபத்திரண்டு சாண் தண்ணி இருக்கு" என்றாள் கடிகாரம். "மழைக்கு இன்னும் இருபத்தஞ்சு நாள்."

"அப்ப நாளைக் காலையிலயே ஆரம்பிக்கணும்."

"மேடம்" என்றார் அப்பா. "கூட்டுல குஞ்சு இருக்கு. அறுபத்துமூணு கூடு. எல்லாம் பறக்க நாற்பது நாளாவது ஆகும். மரத்தடியில தண்ணி வத்திட்டா நரி வந்துடும். தாய்ப்பறவையும் நிக்காது. ஒரு மூணு வாரம் தள்ளி..."

"நான் தள்ளிடலாம் ஐயா. கரை தள்ளுமா?"

அப்பா விரலில் ஒட்டிய களியைத் தேய்த்தார்.

"நான் ஒரு தாள் பூர்த்தி செஞ்சு கொடுக்கணும். அதுல கீழே எத்தனை வீடுன்னு ஒரு கட்டம் இருக்கு. பதினொண்ணு. பறவைக்குக் கட்டம் இல்ல." சொல்லிவிட்டுத் தானே அதை விரும்பாதவர் போல மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கடிகாரம் வண்டி வரை அவர் பின்னால் போனாள்.

"போன வருஷமே தெரிஞ்சிருந்தா?"

பொறியாளர் கதவில் கை வைத்தபடி நின்றார். "கூடு கட்டறதுக்கு முன்னாடி தண்ணியை இறக்கியிருக்கலாம். வெட்டிப் பார்த்து அடைச்சிருக்கலாம்."

"கரையும் இருந்திருக்கும்."

"இருந்திருக்கும்மா. கேட்டீங்க, அதனால சொல்றேன். இப்ப வெட்ட மட்டும்தான் நேரம் இருக்கு. திரும்பக் கட்ட இனிமே அனுமதியும் தர மாட்டாங்க." ஏறி உட்கார்ந்த பிறகு கேட்டார்: "மொத்தம் எத்தனை சட்டின்னு எழுதி வெச்சிருக்கீங்களா?"

"இல்லைங்க. அதை மட்டும் எழுதலை."

சாப்பாட்டு மேசையில் அன்று ரொட்டியும் வேகவைத்த முட்டையும். முள்ளங்கியை யாரும் தொடவில்லை. அம்மா கோபத்தைக் காட்ட ஆள் தேடி, கடைசியில் அப்பாவிடமே வந்தாள்.

"அவ சின்னப்பொண்ணு, சுத்தமா வெச்சா நல்லதுன்னு வெச்சா. எனக்கு மண்ணுன்னா எல்லாம் மண்ணு. நீங்க? முப்பது வருஷம் மண்ணோடவே குடித்தனம் பண்ணினவரு. தினம் அந்தப் பாத்தியைத் தாண்டித்தானே கரைக்குப் போனீங்க? கண்ணை எங்க வெச்சிருந்தீங்க?"

அப்பா முட்டையை உரித்துக்கொண்டே சொன்னார்: "பறவை மேல."

அம்மா எழுந்து போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள்.

வகுப்புக்குக் கிளம்புமுன் கடிகாரம் டைரியைத் திறந்து, காலையில் எழுதியதற்குக் கீழே ஒரு வரி சேர்த்தாள்: மேலே எழுதியது தவறே இல்லை. தவறு வேறு.

தண்ணீர் திறக்கும் இரும்புச் சக்கரம் கரையின் நடுவில் இருந்தது. தினம் காலை அப்பாவும் மகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் திருகினார்கள். அவள் நட்டு வைத்த அளவுக்கோலில் தண்ணீர் ஒரு சாண் இறங்கியதும் மூடுவார்கள். முதல் நாலு நாள் ஏரி ஒன்றும் தெரியாதது போலவே இருந்தது. ஐந்தாம் நாள் விளிம்பெல்லாம் கறுப்புச் சேறு தெரிந்தது. நத்தைகள் வெயிலில் திறந்து கிடந்தன.

சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அவள் ஒரு நாள் கேட்டாள். "அப்பா, நீங்க ஒண்ணும் சொல்லலையே."

"என்ன சொல்ல?"

"என் தப்புன்னு."

அப்பா சக்கரத்தில் படிந்த துருவை நகத்தால் சுரண்டினார். "உன் தப்புதான் கண்ணு. இல்லைன்னு சொன்னா நீ நம்பப் போறதில்ல. அப்புறம் நான் சொல்ற மத்ததையும் நம்ப மாட்ட."

அவள் தலையாட்டினாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. முதுகில் இருந்த மூட்டையை யாரோ கை வைத்து இதுதான் என்று தொட்டுக் காட்டியது போல இருந்தது. மூட்டை இறங்கவில்லை.

"இன்னும் அரைச் சுத்து" என்றார் அப்பா. "பிடி."

மீனை மாற்றுகிற பொறுப்பு சித்தப்பாவுடையது. கரைக்குக் கீழே இருந்த பதினோரு வீடுகளில் முதல் வீடு அவருடையது. பழைய லாரியில் பிளாஸ்டிக் டிரம்களை ஏற்றி, தண்ணீர் குறுகிய இடத்தில் வலை வீசி, கெண்டையும் கெளுத்தியுமாக வாரி, ஒன்பது மைல் தள்ளி இருந்த பெரிய ஆற்றில் விட்டுவிட்டு வருவார். அந்த ஏரியில் விழுந்த முதல் வலை அதுதான். வீசும்போது அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

"ஏய் கடிகாரம், ஒரு டிரம்முக்கு எத்தனை மீன்னு எண்ணியாச்சா?"

"நாற்பதுக்கு மேல போடாதீங்க சித்தப்பா. மூச்சு முட்டும்."

"என் கல்யாணத்துக்குப் போன பஸ்ல நூத்துப்பத்து பேரு. ஒருத்தனுக்கும் மூச்சு முட்டலை."

"அதுல பாதிப் பேர் நடந்தே திரும்பினாங்கன்னு சித்தி சொன்னாங்க."

"உங்க சித்தி பேச்சைக் கேட்டா நான் மாப்பிள்ளையே இல்ல, டிரைவர்." சிரித்துவிட்டு ஒரு பெரிய கெளுத்தியை இரண்டு கையாலும் பிடித்து டிரம்மில் இறக்கினார். அதன் மீசையைத் தடவி விட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு. நீ எதையாவது மனசுல போட்டு அரைச்சுக்கிட்டே இருப்ப, எனக்குத் தெரியும். நான் அந்த முதல் வீட்டுல தூங்கறவன். அந்த நோட்டு இல்லைன்னா அந்த இன்ஜினியர் அம்மா ஒரு நிமிஷம் நின்னு பார்த்திருப்பாங்களா? புல்லு அழகா இருக்குன்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருப்பாங்க. புரியுதா?"

"புரியுது சித்தப்பா."

"என்ன புரியுது? மூஞ்சி அப்படியேதான் இருக்கு."

அவளுக்குப் புரியத்தான் செய்தது. அறுபத்துமூன்று கூடு ஒரு தட்டிலும் பதினோரு வீடு ஒரு தட்டிலும் இருந்தன. எப்படி நிறுத்தாலும் வீடுதான் கனம். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் போன வருடம் பார்த்திருந்தால் நிறுக்கவே வேண்டியிருந்திருக்காது.

பன்னிரண்டாம் நாள் மரங்களின் காலடி வெளியே தெரிந்தது. அப்பாவும் மகளும் பழைய கம்பி வலையை மரங்களைச் சுற்றிக் கட்டினார்கள். முழங்கால் வரை சேறு. ஒரு எட்டு வைத்தால் காலணி அங்கேயே தங்கிவிடும். மேலே குஞ்சுகளின் இரைச்சல், எச்சத்தின் காரவாடை. மறுநாள் காலை வலைக்கு வெளியே நரியின் தடம் சுற்றிச் சுற்றி வந்திருந்தது. உள்ளே போகவில்லை. அப்பா அன்று இரண்டு குவளை தேநீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

ஆனால் வலை நரியைத்தான் நிறுத்தும். இரைக்கு மீன் இல்லை. பதினைந்தாம் நாள் நாரைகள் தூரமாகப் போய்வந்தன. பதினாறாம் நாள் போனவற்றில் பாதி வரவில்லை. பதினேழாம் நாள் காலை அவள் கரையேறியபோது இரைச்சல் குறைந்திருந்தது. கடைசியாகக் கிளம்பிய கூட்டம் ஏரியை ஒரு வட்டம் அடித்துவிட்டு மேட்டுக்கு அப்பால் இறங்கியது. நீர்நாய்கள் எப்போது போயின என்று யாருக்கும் தெரியாது.

சித்தப்பா டிரம்மிலிருந்து சின்ன மீன்களை ஒரு வாளியில் கொண்டுவந்தார். அப்பா நீண்ட கழியில் தகரக் குவளையைக் கட்டி, எட்டுகிற கூடுகளுக்கெல்லாம் மீனை நீட்டினார். ஐம்பத்தாறு வயது மனிதர், சேற்றில் நின்றுகொண்டு, கழுத்து வலிக்க வலிக்க. சில குஞ்சுகள் கொத்தின. சில அலகையே திறக்கவில்லை. எட்டிய கூடு இருபத்தொன்று. மற்றவை உயரத்தில் இருந்தன.

அவள் எண்ணி எழுதினாள். பறந்தவை பத்தொன்பது. மற்றவற்றை எழுதும்போது பேனா நின்றுவிட்டது. பெட்டி மண்ணைப் போல இதையும் எழுதாமல் விடக் கூடாது என்று தோன்றி, மரத்துக்கு மரம் நடந்து, கீழே விழுந்து கிடந்தவற்றையும் எண்ணி எழுதினாள். அம்மா அவற்றைப் புதைக்க ஒரு குழி வெட்டினாள். தோட்டத்தில் வேண்டாம் என்று தானே சொல்லி, மேட்டில் வெட்டினாள்.

இருபத்திரண்டாம் நாள் ஏரி இருந்த இடத்தில் பழைய ஓடை மட்டும் ஒரு முழ அகலத்தில் ஓடியது. மறுநாள் அப்பா தன் பொக்லைனை எடுத்தார். வாடகைக்கு வேறு ஆள் வைக்கலாம் என்று சித்தப்பா சொல்லிப் பார்த்தார். "போட்டவன் நான். வெட்டறதும் நானே வெட்டறேன்" என்றுவிட்டார். இயந்திரம் மூன்று முறை இருமிவிட்டுக் கிளம்பியது. கரை மேல் ஏறி, புல்லின் மீது பல் பதித்தது.

செம்மண் முதலில் வந்தது. பிறகு நீலக்களி. இருபத்திரண்டு வருடம் வெளிச்சம் பார்க்காதது, வெட்டிய இடத்தில் சோப்புக்கட்டி போல மின்னியது. அப்பா ஒவ்வொரு வாரலாக எடுத்துப் பக்கத்தில் மெதுவாக வைத்தார். கொட்டவில்லை. மூன்று ஆள் உயரத்தில் ஒன்றரை ஆள் இறங்கியிருக்கும். இயந்திரத்தை நிறுத்திவிட்டார்.

அன்று மறுபடி வந்திருந்த பொறியாளர் காமிராவோடு மேலே நின்றார். கடிகாரமும் சித்தப்பாவும் எட்டிப் பார்த்தார்கள். வெட்டிய சுவரில் ஒரு துளை. கை நுழையும் அகலம். ஓரம் யாரோ தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கியது போல இருந்தது.

அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினார். துளைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கையை விட்டார். முழங்கை போனது. தோள் வரை போனது. கன்னம் களியில் பதிந்தது. அப்படியே கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்பா?"

"முடியலை கண்ணு" என்றார் உள்ளிருந்து வருவது போன்ற குரலில். "இன்னும் உள்ள போகுது."

பொறியாளர் காமிராவைத் தூக்கினார். பிறகு அதைத் தாழ்த்தி, அப்பா கையை எடுக்கும்வரை காத்திருந்தார். எடுத்தபோது கை முழுக்க நீலமாக இருந்தது. சித்தப்பா குடிக்க வைத்திருந்த தண்ணீரைக் கொடுத்தார். அப்பா அதில் கையைக் கழுவாமல் குடித்துவிட்டு, மறுபடியும் இயந்திரத்தில் ஏறினார். சாயங்காலம் நாலு மணிக்கு ஓடை கரையின் நடுவே போய், சிமெண்டுப் பெட்டியை ஒதுக்கிவிட்டு, பழைய தடத்தில் கீழே இறங்கியது.

அக்டோபர் 7, புதன். இன்றைய தவறு: அப்பாவிடம் துண்டு கொண்டுபோய்க் கொடுக்கத் தோன்றவில்லை. அம்மாதான் கொடுத்தாள். பெட்டிக்கு நீர் வரவில்லை, வாளி வைக்கவில்லை. துளையின் அகலம் 11 செ.மீ. நீளம் தெரியாது.

நாளைய வேலை: அம்மாவிடம் கேட்டுவிட்டு, முள்ளங்கியைப் பிடுங்கி, பாத்தி மண்ணைப் பழைய உயரம் வரை அள்ளி, எத்தனை சட்டி என்று எண்ணி எழுத வேண்டும். காலை ஆறரை.